குளோரின், கோழி, கப்பி: மேட்டூர் தண்ணி மீன்தொட்டிக்கு வந்த கதை

இன்னைக்கு எபிசோட் ஒரு வாளித் தண்ணியைப் பத்தினது. ஒரே ஒரு வாளி. ஆனா அதுக்குள்ள பஞ்சம் இருக்கு, காலரா இருக்கு, மேட்டூர் அணை இருக்கு, நாமக்கல் கோழிப் பண்ணை இருக்கு, கடைசியா ஒரு கப்பி மீனும் இருக்கு.

சேலத்திலிருந்து ஒரு காலேஜ் பொண்ணு வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. புதுசா மீன் தொட்டி வாங்கியிருக்காங்க. குழாயைத் திறந்து நேரா தொட்டியில் தண்ணி பிடிச்சு, ஆறு கப்பி விட்டிருக்காங்க. மறுநாள் காலையில் நாலு மிதக்குது. அவங்க கேட்ட கேள்வி இதுதான்: "அதே தண்ணியைத்தான் நாங்க வீட்டுல குடிக்கிறோம். எங்களுக்கு ஒண்ணும் ஆகல. மீனுக்கு மட்டும் ஏன்ணா?"

"குளோரின் இருக்கும்மா, ரெண்டு நாள் வச்சிட்டு ஊத்து" என்று மீன் கடைக்காரர் ஒரே வரியில் பதில் சொல்லிடுவார். பதில் சரிதான். ஆனா அந்த ஒரு வரிக்குப் பின்னாடி நூறு வருஷத்துக்கும் மேலான வரலாறு இருக்கு. அதைத் தெரிஞ்சுகிட்டா, மீனையும் காப்பாத்தலாம், குழாய்த் தண்ணியைத் திட்டுறதையும் கொஞ்சம் குறைச்சுக்கலாம்.

ரெண்டு பேர் உள்ள தண்ணி

சேலம், நாமக்கல் பக்கம் வளர்ந்தவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எங்க வீடுகள்ல தண்ணிக்கு ரெண்டு பேர். "நல்ல தண்ணி", "உப்புத் தண்ணி". நல்ல தண்ணி என்றால் காவிரித் தண்ணி, குழாயில் வருவது. உப்புத் தண்ணி என்றால் போர் தண்ணி. துணி துவைக்க, பாத்திரம் கழுவ, பாத்ரூமுக்கு.

உப்புத் தண்ணி ஏன் உப்பாச்சு? எங்க நிலத்துக்கு அடியில் இருப்பது கடினப் பாறை. மழைத்தண்ணி அந்தப் பாறை வெடிப்புகளில் மெதுவா இறங்கும்போது கால்சியம், மக்னீசியம், சில இடங்களில் ஃபுளோரைடு எல்லாத்தையும் கரைச்சுகிட்டே போகுது. சேலத்துல மேக்னசைட் வெட்டியெடுக்கும் வெள்ளைக் குன்றுகளே இருக்கு. அப்படிப்பட்ட ஊரில் பக்கெட்டில் வெள்ளைப் படலம் கட்டுறது ஆச்சரியமா என்ன?

சேலம் நகரம் நல்ல தண்ணிக்கு ரொம்ப நாளா அலைஞ்ச ஊர். நகரத்துக்குத் தெற்கே இருக்கும் பனமரத்துப்பட்டி ஏரி 1911-ல் வெள்ளைக்காரங்க காலத்தில் சேலத்தோட குடிநீருக்காகவே கட்டப்பட்டது. மழை பொய்த்தால் ஏரி வற்றும், ஏரி வற்றினால் ஊர் வறளும். பிற்காலத்தில் நகரத்தோட தாகம் சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மேட்டூரை நம்ப ஆரம்பிச்சது. நாமக்கல் பக்கமும் காவிரிக்கரை ஊர்களிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் வந்தன.

ஆக, ஒரு ஊருக்குத் தண்ணி கொண்டுவர்றது ஒரு வேலை. அந்தத் தண்ணி யாரையும் கொல்லாம பார்த்துக்கிறது இன்னொரு வேலை. இன்னைக்குக் கதை ரெண்டாவது வேலையைப் பத்தினது.

தண்ணி ஆளைக் கொன்ன காலம்

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை ஒரு பெரும் பஞ்சம் அடிச்சது. தாது வருஷப் பஞ்சம் என்று தாத்தா பாட்டிகள் சொல்வது அதைத்தான். மதராஸ் மாகாணத்தில் அது கடுமையா அடிச்ச மாவட்டங்களில் சேலமும் ஒண்ணு. 1871 மக்கள்தொகைக் கணக்கில் அன்றைய பெரிய சேலம் மாவட்டத்தில் ஏறத்தாழ 19.7 லட்சம் பேர். 1881-ல் எண்ணிப் பார்த்தபோது சுமார் 16 லட்சம். பத்து வருஷத்தில் மூன்றரை லட்சத்துக்கும் மேல் குறைஞ்சு போச்சு. எல்லாரும் பட்டினியால் மட்டும் சாகலை. உடம்பில் தெம்பு இல்லாத மக்கள், வற்றிப்போன குளம், ஒரே கிணத்தைச் சுத்தி ஊரே. காலராவுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. இடம் பெயர்ந்து பிழைக்கப் போனவர்களும் உண்டு.

அப்போ காலரா எதனால் வருதுன்னு அதிகாரிகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. கெட்ட காத்து என்றார்கள், மண்ணோட குணம் என்றார்கள். லண்டனில் ஜான் ஸ்னோ 1854-லேயே ஒரு தெருக் குழாயைக் காட்டி, நோய் தண்ணி வழியா பரவுதுன்னு வாதாடியிருந்தார். ராபர்ட் கோக் 1884-ல் கல்கத்தாவில் வந்து, ஒரு குளத்துத் தண்ணியிலேயே காலராக் கிருமியைக் கண்டுபிடிச்சார். அதுக்கப்புறம்தான் பேச்சு கிருமி பக்கம் திரும்புச்சு.

எதிரி யாருன்னு தெரிஞ்சாச்சு. எப்படிக் கொல்றது? முதலில் இந்தியாவில் கையில் எடுத்த ஆயுதம் பொட்டாசியம் பெர்மாங்கனேட். ஆக்ராவில் அரசு வேதியியல் ஆய்வாளராக இருந்த எர்னஸ்ட் ஹான்கின் என்பவர் 1890களில் கிணறுகளில் அதைக் கரைச்சு ஊத்தும் முறையைப் பரப்பினார். கிணத்துத் தண்ணி ஊதாவா மாறும், அப்புறம் தெளியும். ஆனா ஒரு கிணத்துக்கு அது சரி. ஒரு நகரத்துக்கு?

ஒரு பச்சை வாயு

இங்கேதான் குளோரின் வர்றார். சுவீடனில் ஷீலே என்ற மருந்தாளுநர் 1774-ல் இந்த வாயுவை முதலில் பிடிச்சார். 1810-ல் ஹம்ஃப்ரி டேவி இது ஒரு தனிமம் என்று நிறுவி, மஞ்சள் கலந்த பச்சை என்று பொருள் தரும் கிரேக்கச் சொல்லில் இருந்து பேரும் வச்சார். முதல் வேலை தண்ணி சுத்தம் கிடையாது, துணி வெளுக்கிறது. 1799-ல் கிளாஸ்கோவில் சார்லஸ் டென்னன்ட் பிளீச்சிங் பவுடருக்கு காப்புரிமை வாங்கினார். மாதக்கணக்கா வெயிலில் காயப்போட்டு வெளுத்த துணியைச் சில நாள்ல வெளுக்க முடிஞ்சது.

இந்தப் பவுடர் ஒரு நகரத்தோட குடிநீர்க் குழாய்க்குள் போக இன்னும் கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆச்சு. 1897-ல் இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டோன் நகரில் டைஃபாய்டு பரவியபோது குழாய்களை பிளீச்சிங் கரைசல் விட்டுக் கழுவினார்கள். 1905-ல் லிங்கன் நகரில் அலெக்சாண்டர் ஹூஸ்டன் குடிநீரில் தொடர்ச்சியா குளோரின் சேர்த்தார். 1908-ல் அமெரிக்காவில் ஜெர்சி சிட்டி. அங்கே ஜான் லீல் என்ற மருத்துவர் யாரிடமும் பெரிசா கேட்காமலே நகரத்தோட தண்ணியில் குளோரின் கலக்க ஏற்பாடு செஞ்சார். விஷயம் கோர்ட்டுக்குப் போச்சு. "மக்கள் குடிக்கிற தண்ணியில் ரசாயனமா?" என்ற கேள்விக்கு அவர் கூண்டில் ஏறிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் தீர்ப்பு குளோரினுக்குச் சாதகமா வந்தது. அப்புறம் ஊர் ஊராகப் பரவிடுச்சு.

இதுக்கு நடுவில் நம்மூர்த் தொடர்பு ஒண்ணு இருக்கு, அதிகம் பேர் பேசறதில்லை. இந்தியன் மெடிக்கல் சர்வீஸில் இருந்த வின்சென்ட் நெஸ்ஃபீல்ட் என்ற அதிகாரி 1903-ல் ஒரு யோசனையை வெளியிட்டார். குளோரின் வாயுவை அழுத்தித் திரவமாக்கி சிலிண்டரில் அடைச்சா, ராணுவத்தோட தண்ணி வண்டிக்குப் பக்கத்திலேயே எடுத்துட்டுப் போகலாம், தேவைப்படும்போது திறந்து விட்டுக் கிருமியைக் கொல்லலாம் என்றார். இன்னைக்கு நீரேற்று நிலையங்களில் மஞ்சள் சிலிண்டர் பார்க்கிறோமே, அந்த யோசனையோட மூதாதை இது. அதோட அவர் நிறுத்தலை. கிருமி செத்த பிறகு, மிச்சம் இருக்கும் குளோரினை சோடியம் சல்ஃபைட் போட்டு நீக்கிடலாம்னும் சொன்னார், குடிக்கிறவருக்கு வாடை தெரியக்கூடாதுன்னு.

இந்த இடத்தை மனசுல வச்சுக்கங்க. குளோரினைப் போடுற யோசனையும், போட்ட குளோரினை எடுக்கிற யோசனையும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒண்ணாவே பிறந்திருக்கு. மீன் கடையில் "ஆன்ட்டி குளோரின்" பாட்டில் வாங்குறோமே, அது அந்த ரெண்டாவது பிள்ளை.

மேட்டூர்: தண்ணியும் அங்கே, குளோரினும் அங்கே

மேட்டூர் அணை வேலை 1925-ல் தொடங்கி, 1934 ஆகஸ்ட் 21 அன்று மதராஸ் கவர்னர் ஜார்ஜ் ஸ்டான்லியால் திறக்கப்பட்டது. அதனால்தான் நீர்த்தேக்கத்துக்கு ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று பேர். 120 அடி, 93.47 டிஎம்சி. இந்த ரெண்டு எண்ணும் எங்க பக்கம் சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம், ஜூன் மாசம் ஆனா நியூஸ்ல அதுதானே ஓடும்.

அணை வந்தால் மின்சாரம் வரும். மின்சாரம் வந்தால் தொழிற்சாலை வரும். 1936-ல் மேட்டூர் கெமிக்கல்ஸ் தொடங்கப்பட்டது. உப்புத் தண்ணியில், அதாவது சாப்பாட்டு உப்புக் கரைசலில், மின்சாரத்தைப் பாய்ச்சினால் ஒரு பக்கம் காஸ்டிக் சோடா கிடைக்கும், இன்னொரு பக்கம் குளோரின் வரும். அந்தத் தொழில்தான் மேட்டூரில் வேர் பிடிச்சது. ஒரே ஊர். ஒரு பக்கம் காவிரியைத் தேக்கி வச்சிருக்கு. இன்னொரு பக்கம், ஆத்துத் தண்ணியைக் குடிதண்ணியாக்குற வாயுவைத் தயாரிச்சிருக்கு. நான் இதை முதன்முதலில் ஒரு மேப்பில் பக்கத்துப் பக்கத்தில் பார்த்தப்போ கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மேட்டூர் நீர்த்தேக்கத்தில் மீன் நல்லாவே வாழுது. கட்லா, ரோகு, கெண்டை எல்லாம் அங்கேயிருந்து மார்க்கெட்டுக்கு வருது. (அணைக்கு முன்னாடி கடலில் இருந்து காவிரியில் ஏறி வந்த உல்லம் மீன், அதாவது ஹில்சா, அணைக்கப்புறம் மேலே வர முடியாம போனது தனிக் கதை. அதுக்கு ஒரு எபிசோட் பண்ணணும்.) அப்போ அதே தண்ணி சேலம் வந்ததும் கப்பியைக் கொல்லுதுன்னா, நடுவழியில் என்ன சேர்ந்துச்சு? மணல் வடிகட்டி, படிகாரம், அப்புறம் குளோரின்.

ரெண்டு எண்கள்

இப்போ நம்ம இன்ஜினியர் மூளைக்கு வருவோம். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500. அதன்படி உங்க வீட்டுக் குழாயில் வரும்போது தண்ணியில் குறைஞ்சபட்சம் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கணும். கவனிங்க, "இதுக்கு மேல போகக்கூடாது" என்று சொல்லலை. "இதுக்குக் கீழ போகக்கூடாது" என்று சொல்லுது.

இனி மீன் பக்கம். நன்னீர் உயிரினங்களைக் காப்பாத்த அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1980களில் வகுத்த அளவு: சில நாள் தொடர்ச்சியா இருந்தால் லிட்டருக்கு 0.011 மில்லிகிராம், ஒரு மணி நேரத்துக்கு 0.019 மில்லிகிராம். அதுக்கு மேல போகக்கூடாது.

ரெண்டையும் வகுத்துப் பாருங்க. மனுஷனுக்கு "இவ்வளவாவது இருக்கணும்" என்ற அளவு, மீனுக்கு "இதுக்கு மேல வேண்டாம்" என்ற அளவைப் போல 18 மடங்கு. நடுவில் ரெண்டு பேருக்கும் பொதுவான ஒரு எண் கிடையவே கிடையாது. அந்தப் பொண்ணோட கேள்விக்குப் பதில் இதுதான். குழாய்த் தண்ணியில் கோளாறு இல்லை. எழுதி வச்ச ஸ்பெக்படி அது சரியா வேலை செய்யுது. அந்த ஸ்பெக்கில் மீன் இல்லை, அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? நாம தண்ணியைக் குடிக்கிறோம். எச்சில், வயித்துல இருக்கும் சாப்பாடு எல்லாம் அந்தக் கொஞ்சம் குளோரினை நொடியில் செலவழிச்சிடும். ரத்தம் வரைக்கும் அது போறதே இல்லை. மீன் தண்ணியைச் சுவாசிக்குது. செவுளில் ரத்தத்துக்கும் தண்ணிக்கும் நடுவே மெல்லிசா ஒரு படலம்தான். குளோரின் அந்தப் படலத்தை அரிச்சிடும். தொட்டியில் ஆக்சிஜன் இருந்தும் மீனால் இழுத்துக்க முடியாது. மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுதே, அது பசியில் இல்லை, மூச்சுத் திணறல்.

மனுஷனுக்கும் இந்த நிலைமை வரும் ஒரு இடம் உண்டு: டயாலிசிஸ். அங்கே தண்ணி வயித்து வழியா போகாம, ஒரு மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கம் ரத்தத்தோட நேரா உறவாடுது. குளோரினும் குளோரமினும் நீக்காத தண்ணி போனால் சிவப்பணுக்கள் உடையும். அதனால டயாலிசிஸ் நடக்கும் இடங்களில் முதலில் கார்பன் வடிகட்டி வச்சு அதை எடுத்துடுவாங்க. அந்த மெஷினில் இருக்கும் நேரத்தில் நாமளும் ஒரு மீன்தான்.

போட்டோ ஸ்டுடியோவில் இருந்து வந்த மருந்து

சரி, எடுக்கிறது எப்படி? "ஆன்ட்டி குளோரின்" பாட்டிலில் பெரும்பாலும் இருக்கும் சரக்கு சோடியம் தயோசல்ஃபேட். கல்கண்டு மாதிரி இருக்கும் படிகம். இதுக்கு இன்னொரு பேர் ஹைப்போ. உங்க ஊர்ல பழைய போட்டோ ஸ்டுடியோ வச்சிருந்த பெரியவர் யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க, ஹைப்போ என்றதும் இருட்டறை ஞாபகம் வந்துடும். ஜான் ஹெர்ஷெல் 1819-ல் இது வெள்ளி உப்புகளைக் கரைக்கும்னு கண்டுபிடிச்சார். இருபது வருஷம் கழிச்சு போட்டோகிராஃபி பிறந்தபோது, படம் கருத்துப் போகாம நிலைநிறுத்த அதுதான் கை கொடுத்தது.

துணித் தொழிலும் இதைப் பிடிச்சுகிட்டது. துணியையோ காகிதக் கூழையோ குளோரினில் வெளுத்த பிறகு, மிச்ச குளோரின் உள்ளேயே தங்கினால் நூல் இத்துப்போகும். அதை நீக்கப் போடும் பொருளுக்கு அந்தத் தொழிலில் ஆன்ட்டிகுளோர் என்றே பேர். நெசவும் சாயமும் வெளுப்பும் உள்ள பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்துக்காரங்களுக்கு வெளுப்பு முடிஞ்சதும் குளோரினை எடுக்கணும் என்ற விஷயம் புதுசா இருக்காது.

மீன் வளர்ப்புக்கு இது தாமதமாத்தான் வந்தது. ஏன்னா வீட்டு மீன்தொட்டி குளோரினுக்கு முன்னாடியே பிறந்துடுச்சு. ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் 1850-ல் லண்டனில் தங்கமீன், நீர்ச்செடி, நத்தை மூணையும் ஒரே தொட்டியில் வச்சு, ஒண்ணுக்கொண்ணு ஈடுகொடுத்து வாழும்னு காட்டினார். 1853-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் பொதுமக்களுக்கு மீன் காட்சியகம் திறந்தாங்க. மதராஸ் மெரினாவில் 1909-லேயே ஒரு காட்சியகம் வந்துடுச்சு. இந்தத் தொட்டிகளுக்கு எல்லாம் ஆத்துத் தண்ணியோ, மழைத் தண்ணியோ, கடல் தண்ணியோ. குளோரின் பிரச்சினையே இல்லை. குழாய்க்குள் குளோரின் வந்த பிறகுதான் மீன் வளர்க்கிறவங்க வேதியியல் படிக்க வேண்டியதாச்சு.

நாமக்கல் கோழிக்கு என்ன சம்பந்தம்?

இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. நாமக்கல் என்றால் முட்டை. அந்தப் பண்ணைகளில் பயப்படும் நோய்களில் முக்கியமானது வெள்ளைக்கழிச்சல், ராணிக்கெட் நோய்னும் சொல்வாங்க. இதுக்கு உயிருள்ள தடுப்பூசி உண்டு. ஆயிரக்கணக்கான கோழியை ஒவ்வொண்ணா பிடிச்சுச் சொட்டு விட முடியாது, அதனால பல சமயம் குடிதண்ணியில் கலந்து கொடுப்பாங்க.

இங்கே ஒரு சிக்கல். மத்த நாளில் பண்ணைத் தண்ணியில் கிருமி இருக்கக்கூடாதுன்னு குளோரின் போடுறாங்க. தடுப்பூசி நாளில் அதே குளோரின் தடுப்பூசியில் இருக்கும் வைரஸையும் கொன்னுடும். கொன்னா தடுப்பூசி வெறும் தண்ணி. கோழி குடிக்கும், பண்ணைக்காரர் நிம்மதியா இருப்பார், நோய் வந்தால் மொத்தக் கொட்டகையும் போகும். அதனால தடுப்பூசிக்கு முன்னாடியே குளோரின் போடுறதை நிறுத்தி, தண்ணியில் லிட்டருக்கு சுமார் 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கலக்கிறது வழக்கம். பாலில் இருக்கும் புரதம் மிச்ச குளோரினைத் தன் மேல வாங்கிக்கும். சிலர் தயோசல்ஃபேட்டே போடுவாங்க.

ஒரு கோழிப் பண்ணைக்காரர் செய்யும் வேலையும், மீன் தொட்டி வச்சவர் செய்யும் வேலையும் ஒண்ணுதான்: காக்க வேண்டிய ஒரு உயிரை, இன்னொரு உயிரைக் காக்கப் போட்ட மருந்துகிட்ட இருந்து காப்பாத்துறது. (ஆனா தயவுசெஞ்சு மீன் தொட்டியில் பால் பவுடர் போட்டுடாதீங்க. அழுகி அம்மோனியா ஆகும், மீன் வேற வழியில் சாகும்.)

செய்முறை: வாளியும் ஹைப்போவும்

இப்போ காரியத்துக்கு வருவோம்.

முதல் வழி, பழைய வழி: காத்திருக்கிறது. அகலமான வாளியில் தண்ணி பிடிச்சு, காத்து பம்ப் ஓடவிட்டு 24 மணி நேரம், பம்ப் இல்லைன்னா 48 மணி நேரம். வெயில் பட்டால் இன்னும் சீக்கிரம் போகும். மேல மெல்லிய துணி கட்டிடுங்க. டெங்கு கொசு முட்டையிட உங்க வாளியைத்தான் தேடிகிட்டு இருக்கு.

ரெண்டாவது வழி ஹைப்போ. கணக்கு எளிது. 1 மில்லிகிராம் குளோரினை நீக்க ஏறத்தாழ 7 மில்லிகிராம் ஹைப்போ படிகம் போதும். 10 கிராம் ஹைப்போவைக் கரைச்சு மொத்தம் 100 மில்லி ஆக்கி வச்சுக்கங்க. அதில் 1 மில்லியில் 100 மில்லிகிராம் ஹைப்போ இருக்கும், அது சுமார் 14 மில்லிகிராம் குளோரினைக் கவனிச்சுக்கும். 20 லிட்டர் வாளியில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் இருக்குன்னு வச்சாலும் மொத்தம் 20 மில்லிகிராம். 1.5 மில்லி கரைசல் போதும், 2 மில்லி விட்டால் நிம்மதி. கலக்கிவிட்டால் சில நிமிஷத்தில் வேலை முடிஞ்சது. கடையில் வாங்கின பாட்டில்னா அதன் மேல் எழுதியிருக்கும் அளவு.

எவ்வளவு குளோரின் இருக்குன்னு தெரியணும்னா, குளோரோஸ்கோப் மாதிரி சின்ன டெஸ்ட் கிட் கிடைக்கும். சில சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வரும், அட்டையோட ஒப்பிட்டுப் பார்க்கணும். ஊராட்சியில் மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைச்சு, தெளிஞ்ச தண்ணியை மட்டும் தொட்டியில் ஊத்துவார். அந்த அளவு நாளுக்கு நாள் மாறும். ஆடி மாசம் புதுத்தண்ணி கலங்கி வரும்போது குளோரினும் கூடுதலா வேணும், அப்போ மீன் தொட்டிக்காரங்க உஷாரா இருக்கணும்.

மூணு விஷயம் மட்டும் சேர்த்துச் சொல்லிடறேன்.

ஒண்ணு, குளோரமின். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தால் வருவது. 1910களில் கனடாவின் ஒட்டாவா மாதிரி நகரங்கள் வேணும்னே இதைச் சேர்க்க ஆரம்பிச்சாங்க, ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்கும்னு. மூல ஆத்துத் தண்ணியில் அம்மோனியா இருந்தால் தானாவே உருவாகும். இது வாளியில் வச்சால் சீக்கிரம் போகாது. ஹைப்போ போட்டால் குளோரின் போகும், அம்மோனியா மிஞ்சும். வெளிநாட்டுல இருந்து கேக்கிறவங்க உங்க ஊர்த் தண்ணியில் எது இருக்குன்னு பார்த்துட்டு, அம்மோனியாவையும் கட்டுப்படுத்தும் கண்டிஷனர் வாங்குங்க.

ரெண்டு, தொட்டியோட ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயில் காட்டிக் கழுவாதீங்க. மீன் கழிவில் வரும் அம்மோனியாவை மாத்துற நல்ல பாக்டீரியா அதில்தான் குடியிருக்கு. அதுவும் கிருமிதானே? குளோரினுக்கு நல்லது கெட்டது தெரியாது. தொட்டியில் இருந்து எடுத்த தண்ணியிலேயே அலசுங்க. தண்ணியையும் ஒரே தடவையில் முழுசா மாத்தாம, வாரம் நாலில் ஒரு பங்கு மாத்துங்க.

மூணு, "குளோரினே வேண்டாம், போர் தண்ணியே ஊத்துறேன்" என்பவங்களுக்கு: கப்பிக்கும் மோலிக்கும் உப்புத் தண்ணி ஓரளவு ஒத்துப்போகும். நியான் டெட்ரா, டிஸ்கஸ் மாதிரி மென்தண்ணி மீன்களுக்கு ஒத்துவராது. வெறும் ஆர்.ஓ. தண்ணியும் வேண்டாம், அதில் மீனுக்கு வேண்டிய தாதுக்கூட இருக்காது.

கடைசியா ஒரு யோசனை

இதைத் தயார் பண்ணும்போது என்னை அதிகம் யோசிக்க வச்சது அந்த 48 மணி நேர வாளிதான். தண்ணி எப்போ மீனுக்குப் பாதுகாப்பா ஆகுதோ, அதே நேரத்தில் நமக்கான காவல் அதிலிருந்து போயிடுது. நம்ம ஊர்கள்ல பல இடத்துல குழாயில் சில நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணி. வராத நாளில் குழாய்க்குள் அழுத்தம் இல்லை. விரிசல் வழியா சாக்கடை உள்ளே கசியலாம். அந்த ஆபத்துக்காகத்தான் 0.2 மில்லிகிராம் மிச்சம் இருக்கணும் என்ற விதி. நாம அதைப் பிடிச்சு சம்ப்பிலும் டிரம்மிலும் நாலு நாள் வைக்கிறோம். அந்தக் குளோரினும் கொஞ்சம் கொஞ்சமா போயிடும். ஆக, மீன் விடத் தயாரா இருக்கும் டிரம் தண்ணியை, கொதிக்க வைக்காம குடிக்கக் கூடாது.

காலரா பழைய கதைன்னு நினைக்க வேண்டாம். 1992 கடைசியில் ஓ139 என்ற புது வகைக் காலரா முதலில் கண்டறியப்பட்டதே மதராஸில்தான். எங்க தலைமுறை பிறக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி.

அதனால, டம்ளரைத் தூக்கும்போது லேசா பிளீச்சிங் வாடை வந்தால் நான் இப்பல்லாம் முகம் சுளிக்கிறதில்லை. யாரோ ஒரு ஆபரேட்டர் காலையில் எழுந்து வேலையைச் செஞ்சிருக்கார் என்று அர்த்தம். மீனுக்கு வேண்டாத அந்த வாடையை எடுக்கிற வேலை நம்மோடது. அதுக்கு ஒரு வாளியும், கொஞ்சம் ஹைப்போவும், இல்லைன்னா ரெண்டு நாள் பொறுமையும் போதும்.

வாய்ஸ் நோட் அனுப்பின தங்கச்சி, மிச்சம் இருக்கும் ரெண்டு கப்பியைப் பார்த்துக்கங்க. கப்பி சீக்கிரம் குட்டி போடும், தொட்டி தானா நிறைஞ்சிடும். அடுத்த எபிசோட்ல பார்க்கலாம் மக்களே.